சுற்றிப்போகிற நரம்பு

எச்சில் விழுங்குவதற்குக்கூட மேகலா யோசிக்க வேண்டியிருந்தது. மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக விழுங்கு என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அக்கா சொல்லியிருந்தாள். மறந்தால் தப்பான வழியில் இறங்கிவிடும், இருமல் வரும், அந்த இருமலுக்கும் பலம் இருக்காது, பஞ்சரான டியூபில் காற்றடிக்கிற மாதிரி புஸ்ஸு புஸ்ஸென்று போகும், இந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்க்கிறவர்களை நினைத்ததும் வாயில் எச்சில் ஊறியது. எப்போதும் இப்படித்தான், வேண்டாம் என்று நினைத்தால் அதுதான் முதலில் வந்து நிற்கும். மோவாயைத் தாழ்த்தினாள். விழுங்கினாள். சரியாகப் போனது. எதிர் வரிசையில் ஒரு பெண் தன் மகளின் முகத்தை மேலே தூக்கி மூக்குத் துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "புளியங்கொட்டையை ஏண்டி மூக்குல போட்டே? வாய் இருக்குதில்ல, வாய்ல போடறது?" "வாசம் இருக்குதான்னு பாத்தேன்." "இருந்துச்சா?" "தெரியலை, உள்ள போயிருச்சு." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேகலாவும் சிரித்தாள், சிரிப்பிலும் காற்றுதான் வந்தது. அந்தச் சிறுமியை நினைத்தால் பொறாமையாக இருந்தது. எது எங்கே போய் மாட்டிக்கொண்டது என்று அவளுக்குத் தெரியும். ஒரு இடுக்கி போதும், வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிடுவார்கள். எனக்கு எங்கே மாட்டியிருக்கிறது? தொண்டையிலா, கழுத்திலா, நெஞ்சிலா? நெஞ்சிலா என்ற இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றது, பாவு நூல் அறுந்த தறி நிற்பது போல. திரும்ப முதலில் இருந்து. தொண்டையில் இல்லை, தொண்டையைத்தான் போன முறை பார்த்துவிட்டார்களே.

போன முறை மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, எதிரே இருந்த திரையில் அவளுடைய தொண்டையை அவளுக்கே காட்டினார்கள். ஈரமும் சிவப்புமான ஒரு கிணறு, அதன் அடியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். ஈ சொல்லும்மா என்றார் டாக்டர் நஸ்ரின். சொன்னாள், அதாவது சொல்ல முயன்றாள். வலது பட்டை நடுவுக்கு ஓடி வந்தது. இடது பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. வலது, பாவம், இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, நடு தாண்டி வரப் பார்த்தது, தொட முடியவில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் அவள் சொல்ல நினைப்பதெல்லாம் வெறும் மூச்சாகப் போய்க்கொண்டிருந்தது. "இடது குரல் நாண் அசையல. வாதம் மாதிரின்னு வெச்சுக்கோ. நாண் நல்லாத்தான் இருக்கு, அதுக்குச் சேதி கொண்டுபோற நரம்பு வேலை செய்யல. ஏன் செய்யலைன்னுதான் தேடணும்." கழுத்தில் ஆபரேஷன் எதாவது நடந்ததா? இல்லை. தைராய்டு? இல்லை. அடி, விபத்து? இல்லை. ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது, அதோடு போனதுதான் குரல். டாக்டர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு நரம்பு போகிற வழியை வரைந்து காட்டினார். வலது நரம்பு கழுத்தடியோடு திரும்பிவிடுகிறது. இடதுதான் அநியாயம். தலையிலிருந்து புறப்பட்டு, தொண்டைக்குப் பக்கத்திலேயே வந்து, அங்கே நிற்காமல் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயைக் கீழாகச் சுற்றிக்கொண்டு, பிறகு ஏறி வந்து தொண்டையைத் தொடுகிறது. பள்ளிபாளையம் டவுன் பஸ் இப்படித்தான், வீட்டு வாசலில் நிறுத்தாமல் காலனிக்குள் எல்லாம் போய், ரைஸ்மில்லைச் சுற்றிக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து அதே வாசலில் கொண்டுவந்து இறக்கும். "இவ்வளவு தூரம் சுத்தறதால வழியில எங்க எது அழுத்தினாலும் குரல் போயிரும். நெஞ்சுல எதாவது கட்டி கிட்டி இருக்கான்னு ஸ்கேன்ல பாத்துக்கலாம்." கட்டி கிட்டி. கட்டிதான் தெரியும், கிட்டி என்றால் என்ன? இட்லி கிட்லி, சட்டை கிட்டை, கட்டி கிட்டி. டாக்டர் அதை எத்தனை லேசாகச் சொன்னார். அன்றிலிருந்து மேகலா அந்தப் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறாள், இரவும் பகலும், தொண்டையிலிருந்து இறங்கி, நெஞ்சுக்குள் போய், அந்தத் திருப்பத்தில், ரைஸ்மில் பக்கத்தில், வழியை மறித்துக்கொண்டு என்ன நிற்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு. ஸ்கேன் எடுத்தாயிற்று. என்ன நிற்கிறது என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள்.

"கண்ணு, தண்ணி வேணுமா?" அப்பா கேட்டார். கூடமே திரும்பியது. அப்பா குழந்தைவேல் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும், முப்பது வருஷமாக விசைத்தறிச் சத்தத்துக்குள் நின்றவருக்கு மெதுவாகப் பேசுவது என்றால் இதுதான். காது பாதி போய்விட்டது, போனது அவருக்குத் தெரியாது, உலகம்தான் முணுமுணுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம்ப்பா என்றாள். சத்தம் இல்லை, உதடு மட்டும். அவர் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப டீ? நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்தர்றேன் மேகலா, உன்னைக் கூப்பிட மாட்டாங்கல்ல அதுக்குள்ள?" என்றார். டீ வேண்டியிருக்கவில்லை, உட்கார முடியவில்லை அவருக்கு. காலையிலிருந்து நாலு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார், நின்று வேலை செய்தே பழகிய கால்கள். போய்ட்டு வாங்கப்பா. "சரி சாமி." ஒரு தடவைகூட என்ன, என்ன சொன்னே என்று கேட்கவில்லை. மற்ற எல்லாரும் கேட்கிறார்கள். அம்மா கேட்கிறாள், அவள் வேலை பார்க்கிற நூல் கமிஷன் கடை முதலாளி கேட்கிறார், பஸ் கண்டக்டர் காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்கிறார். அப்பா மட்டும் கேட்டதில்லை. தவறு அங்கேதான் நடந்தது.

தறிக்குடோனில் யாரும் காதால் பேசுவதில்லை. பதினாறு தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது கத்தினாலும் பிரயோஜனம் இல்லை, அதனால் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள், எதிரில் இருப்பவர் உதட்டைப் படித்துக்கொள்வார். முதுகைக் காட்டி நிற்பவரைக் கூப்பிட வேண்டுமானால் கழிவு நூலை இறுக்கி உருண்டை பிடித்து முதுகில் எறிவார்கள், அவர் திரும்புவார், பேச்சு தொடங்கும். மேகலா நடக்கப் பழகியது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பி நிறுத்தினால் வாய் திறக்காத பிள்ளை, உறவுக்காரர்கள் வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளை, குடோனுக்குள் வந்தால் ஓயாமல் பேசும். அவ்வளவு சத்தத்துக்குள் தான் பேசுவது யாருக்கும் கேட்காது என்கிற நிம்மதியில் பேசும், அதுவும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே பேசும், கத்துவதில் ஒரு சுகம். அந்தச் சுகம் ஒரு நாளோடு போயிற்று. ஏழாவது படிக்கும்போது. அப்பாவின் தறிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "செல்லமுத்து அண்ணன் அக்குள்ல வெங்காய நாத்தம் அடிக்குதுப்பா" என்று முழுத் தொண்டையில் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதியில் கரண்ட் போனது. பதினாறு தறியும் ஒரே நேரத்தில் நின்றன. "நாத்தம் அடிக்குதுப்பா" மட்டும் தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. செல்லமுத்து அண்ணன் அங்கேதான், ரெண்டு தறி தள்ளி, ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. குடோனே உருண்டு உருண்டு சிரித்தது. அப்புறம் வருஷக்கணக்காக, அவள் உள்ளே நுழைந்தால் போதும், செல்லமுத்து அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு வருவார், "வா அம்முணி, மோந்து பாத்துச் சொல்லு, இன்னிக்கு வெங்காயமா பூண்டா?" அன்றிலிருந்து மேகலா குடோனில் சத்தத்தை விட்டுவிட்டாள். உதடு மட்டும். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. வீட்டிலும், சாப்பிடும்போதும், டிவி ஓடும்போதும், அப்பாவோடு அப்படியே பழகிப்போனது, கல்லூரியில் என்ன நடந்தது, கடையில் யார் என்ன சொன்னார்கள் எல்லாம் உதட்டிலேயே. சத்தத்தோடு பேசுகிறாளா இல்லாமல் பேசுகிறாளா என்று அவளே கவனித்ததில்லை. அவரும் கவனித்ததில்லை.

அதனால்தான் காய்ச்சலுக்குப் பிறகு அம்மா, ஏனுங்க, புள்ளைக்குத் தொண்டையே வரலீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம் என்று சொன்னபோது அப்பா சிரித்தார். "உனக்கு என்ன, நேத்துகூட அரை மணி நேரம் எங்கூடப் பேசிட்டுத்தான் தூங்குனா. நல்லாத்தான் பேசறா." அம்மா சித்தரத்தை வைத்துக் கொடுத்தாள், மிளகுப்பால், ஆவி, கல்லுப்பு. ஒரு வாரம், இன்னொரு வாரம். "எங்கூடப் பேசறப்ப மட்டும் சத்தம் வரலை, அப்பங்கூட அரை மணி நேரம் வருதாக்கும்?" என்று ஒரு நாள் அம்மா ஈரக் கையோடு வந்து நின்று கேட்டாள், குரல் உடைந்திருந்தது, அப்போதுதான் மேகலாவுக்குப் புரிந்தது, அம்மா இதை நோய் என்று நினைக்கவில்லை, தன்மேல் வன்மம் என்று நினைத்திருக்கிறாள். இல்லம்மா என்று சொல்லப் போனாள், காற்று வந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஒன்றரை மாசம் அப்படியே ஓடிற்று. டாக்டரிடம் வந்த அன்றுகூட அப்பா, "பேசறாளுங்க, இவங்கம்மாதான் பயந்துக்கறா" என்று சொன்னார். டாக்டர் அவரையும் மேகலாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து மேகலாவின் வாய்க்கு நேரே பிடித்து, இப்போது பேசச் சொன்னார். பேசினாள். அப்பாவால் அவள் வாயைப் பார்க்க முடியவில்லை. அவர் முகம் மெதுவாக வெளிறியதைக் காகிதத்துக்கு மேலே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவர் ஒரு சொல்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. நெஞ்சில் எதாவது இருந்தால் அந்த ஒன்றரை மாசம் யார் கணக்கில்? அப்பா கணக்கில் எழுதிக்கொள்வார், அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

அப்பா கணக்கில் இல்லை. அது அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. குரல் போன முதல் வாரம் மேகலாவுக்குப் பிடித்திருந்தது. கடையில் நாள் முழுக்க போன் எடுக்க வேண்டும், யாருங்க, எந்த ஊருங்க, நாற்பதாம் நம்பர் நூல் இல்லீங்க என்று சொல்ல வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து சத்தமா பேசும்மா, யாரு பேசறது, ஆள் இருக்கீங்களா என்று கத்துவார்கள். எத்தனை முறை நினைத்திருக்கிறாள், இந்தக் குரல் போய்த் தொலைந்தால் நிம்மதி. போயிற்று. முதலாளி, விடும்மா, நீ வாட்ஸ்அப்ல மட்டும் பதில் போடு என்றார். மணி அடித்தது, வேறு யாரோ எடுத்தார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவள் பதில் போட்டுக்கொண்டிருந்தாள், அப்படி ஒரு அமைதி. கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டதனால் வந்ததா? ஓட்டாத தறி துருப்பிடிக்கும், ஒரு மாசம் சும்மா விட்டால் அடியில் எலி குட்டி போடும், அப்பா அடிக்கடி சொல்வார், தறி ஓடிக்கிட்டே இருக்கணும். பன்னிரண்டு வயசிலிருந்து பாதி நாள் ஓட்டாமல் வைத்திருந்த குரல். அந்த இடது நாண், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, இவளுக்கு நான் வேண்டியதில்லை என்று படுத்துக்கொண்டதோ? அப்படியானால் நெஞ்சில் ஒன்றும் இருக்காது. அப்படி இல்லையானால் நெஞ்சில் இருக்கும். எதை வேண்டிக்கொள்வது? என் தப்பாகவே இருக்கட்டும், கடவுளே, என் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வலது பக்கம் இருந்தால் இவ்வளவு பயம் இல்லை, வலது கழுத்தோடு திரும்பிவிடுகிறது, இடதுதான் கீழே இறங்குகிறது, ரைஸ்மில், திருப்பம். நெஞ்சில் ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். வலிப்பது போல் இருந்தது. அழுத்தினால் எந்த இடமும்தான் வலிக்கும். வேறு இடத்தில் அழுத்தினாள்.

"மேகலா." நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். அப்பா இன்னும் வரவில்லை. மேகலா கையைத் தூக்கினாள், தோள் உயரத்துக்கு, அதற்கு மேல் கை போகவில்லை. நர்ஸ் வேறு பக்கம் பார்த்தாள். "மேகலா யாருங்க? மேகலா இல்லீங்களா?" இல்லை என்று நினைத்துக்கொள்ளட்டுமே. அடுத்தவரைக் கூப்பிடட்டும், அவர் போய்விட்டு வரட்டும், அதுவரைக்கும் நெஞ்சில் ஒன்றும் இல்லை, இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே, சொல்லாத வரைக்கும் இல்லை. தூக்கிய கை தானாக மடிக்கு இறங்கியது. நர்ஸ் தாளைப் புரட்டினாள். எதிர் வரிசைப் பெண் புளியங்கொட்டையை விட்டுவிட்டு இவளைப் பார்த்தாள். "ஏம்மா, நீதானே மேகலா? உங்கப்பா கூப்பிட்டாரே, கீழ டீக்கடைக்காரனுக்கே கேட்டிருக்கும். நர்ஸம்மா, இந்தா, இந்தப் பொண்ணுதான்." எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது. கால்கள் எழுந்தன. கதவு வரைக்கும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நடந்தாள், அப்பா தலை தெரியவில்லை.

"தனியாவா வந்தே? அப்பா எங்க?" கீழே என்று விரலால் காட்டினாள். டாக்டர் நஸ்ரின் நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் மருந்தடித்து, பஞ்சு கொடுத்து, மறுபடியும் அந்தக் குழாயை விட்டுப் பார்த்தார். திரையில் அதே கிணறு, அதே வலது, அதே இடது. சொல்லிவிட மாட்டாரா. குழாயை எடுத்துத் துடைத்து மாட்டினார், கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார், ஒவ்வொரு விரலாகவா துடைக்க வேண்டும்? கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாக அவளுடைய உடம்பு நகர்ந்தது. "ஸ்கேன் பாத்துட்டேன்ம்மா. தலை அடிப்பக்கத்துலேர்ந்து நெஞ்சு வரைக்கும், அந்த நரம்பு போற வழி பூரா பாத்தாச்சு. ஒண்ணுமே இல்ல. நெஞ்சு சுத்தமா இருக்கு." மேகலா கேட்டுக்கொண்டிருந்தாள். சொற்கள் வந்து வெளியிலேயே நின்றன, உள்ளே வரவில்லை. டாக்டர் சொல்லிக்கொண்டே போனார், அந்தக் காய்ச்சலில் வந்த வைரஸ் நரம்பைத் தாக்கியிருக்கலாம், சில பேருக்குக் காரணமே தெரியாமல் போகும், நரம்பு தானாக முழித்துக்கொள்ளலாம், ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷம்கூட ஆகலாம், முழிக்காமலும் போகலாம், பொய் சொல்லக் கூடாது பாரு. அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், அசையாத பக்கத்தில் ஊசி வழியாக ஒரு ஜெல் வைத்து அதை நடுவுக்குத் தள்ளிவிட்டால் அசைகிற பக்கம் வந்து தொடும், தொட்டால் சத்தம் வரும், தண்ணி குடிக்கும்போது புரை ஏறாது. ஜெல் சில மாசத்தில் கரைந்துவிடும். அப்போதும் நரம்பு படுத்தே இருந்தால் கழுத்தில் சின்னதாகத் திறந்து நிரந்தரமாக ஒரு துண்டு வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது, அது அப்புறம். பயிற்சியை விடாதே. "எதாவது கேக்கணுமா?"

கேட்க வேண்டாம், போய்விடலாம், பைத்தியக்காரி என்று நினைப்பார். எழுந்திருக்கப் போனாள், எழுந்திருக்கவில்லை. "நான்..." என்றாள், காற்று தீர்ந்தது. இழுத்துக்கொண்டாள். "பேசாமயே..." மறுபடி தீர்ந்தது. டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார், எழுந்து போய் மின்விசிறியை அணைத்தார், ஏசியையும் அணைத்தார், நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காதைக் கொடுத்தார். அறை அமைதியானது. கரண்ட் போன குடோன் மாதிரி. "பேசாமயே... இருந்ததாலயா... இப்படி?" என்று மூன்று மூச்சில் கேட்டு முடித்தாள். "இத்தனை நாளா இதைத்தான் வெச்சிட்டிருந்தியா? பேசாம இருந்தா நரம்பு படுக்காதும்மா. அப்படின்னா எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணமான வருஷமே படுத்திருக்கணும்." மேகலா சிரித்தாள். சிரிக்கும்போது கண் நிறைந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை, இப்போதுதான் அந்தச் சொற்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றாக. நெஞ்சு. சுத்தமா. இருக்கு.

வெளியே வந்தபோது அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது, பக்கத்து நாற்காலியில் அப்பாவின் துண்டு கிடந்தது. கூடத்தின் அந்தக் கோடியில், படிக்கட்டுப் பக்கம், முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார் அப்பா. ஒரு கையில் காகித டம்ளர், அவளுக்காக வாங்கியிருப்பார். செக்யூரிட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "செவப்புச் சுடிதாருங்க, ஒல்லியா இருக்கும், இங்கதானுங்க உக்காந்திருந்துச்சு." "பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க பெரியவரே, பதில் குடுப்பாங்கல்ல." அப்பா, அவருக்குத் தெரிந்த வரையில் மெதுவாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "எம்புள்ளைக்குப் பேச வராதுங்க. கூப்பிட்டாலும் சத்தம் வராதுங்க." அப்பா, என்று கூப்பிட்டாள் மேகலா. காற்று போனது. இன்னும் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் காற்று போனது. அவர் டம்ளரோடு படியிறங்கப் போனார். கையில் பார்த்தாள், டாக்டர் கொடுத்த பஞ்சு. அதைக் கைக்குட்டைக்குள் வைத்து, முடிச்சுப் போட்டு, இழுத்து இறுக்கி, எறிந்தாள். புளியங்கொட்டைச் சிறுமியின் தலைக்கு மேலே பறந்து போய் அப்பாவின் பிடரியில் சரியாகப் பட்டது.

அவர் திரும்பினார். திரும்பியதும் அவர் கண் தேடியது அவளுடைய கண்ணை அல்ல, உதட்டைத்தான். நெஞ்சுல ஒண்ணுமில்லீங்கப்பா என்றாள், குடோனில் சொல்வது போல, ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக. அப்பா பார்த்தார். "என்ன?" என்றார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சுல, ஒண்ணுமில்ல. அவருடைய வாய் அவளுடைய வாயோடு சேர்ந்து அந்தச் சொற்களை அசைத்தது. டம்ளர் சாய்ந்து டீ கையில் வழிந்தது, உதறக்கூட இல்லை. "நெஞ்சுல ஒண்ணுமில்லியாமா!" என்று கத்தினார், செக்யூரிட்டியைப் பார்த்து, நர்ஸைப் பார்த்து, யாரென்றே தெரியாதவர்களைப் பார்த்து. "எம்புள்ளைக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லியாமா!" அத்தனை தலையும் திரும்பியது. புளியங்கொட்டைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேகலாவின் காது மடல் சுட்டது, குனியப் போன தலை பாதியில் நின்றது, அப்புறம் நிமிர்ந்துகொண்டது. மோவாயைத் தாழ்த்த மறந்து எச்சிலை விழுங்கிவிட்டாள். இருமல் வந்தது, புஸ்ஸு புஸ்ஸென்று, நிற்கவே இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இருமிக்கொண்டே அப்பாவை நோக்கி நடந்தாள்.